குதிக்காமலே மூச்சு வாங்க வைக்கும் கெட்டில்பெல்: சில வருட அனுபவம்

ஹிட் (HIIT) பயிற்சி, அதாவது சில விநாடி தீவிர உழைப்பு, சில விநாடி ஓய்வு என்று மாற்றி மாற்றிச் செய்யும் இன்டர்வெல் பயிற்சி என்று யூடியூபில் தேடினால், தரையில் படுத்து எழுந்து குதிக்கும் பர்பீயும், முட்டி மடக்கி உட்கார்ந்து துள்ளும் ஜம்ப் ஸ்குவாட்டும்தான் முதலில் வந்து நிற்கும். முட்டி வலி உள்ளவர்களும் மாடி வீட்டில் குடியிருப்பவர்களும் அந்த இடத்திலேயே வீடியோவை மூடிவிடுகிறோம். எனக்கு இரண்டு பிரச்சினையும் உண்டு. படி இறங்கும்போது முட்டி பிடிக்கும்; கீழ் வீட்டில் கைக்குழந்தை. அதனால் குதிக்கிற எதையும் தொடாமல், எடையை மட்டும் வைத்து இன்டர்வெல் செய்து வருகிறேன். சில வருடங்கள் ஓடிவிட்டன. இனி இதை விடுவதாக இல்லை.

இந்தப் பயிற்சிக்குக் குதிப்பு கட்டாயம் இல்லை. எல்லோரும் சொல்லும் ‘தபாட்டா’ முறையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1996-ல் ஜப்பானின் இசுமி தபாட்டா குழு வெளியிட்ட ஆய்வில், 20 விநாடி உச்சகட்ட உழைப்பு, 10 விநாடி ஓய்வு என்று ஏழெட்டு சுற்றுகள் செய்ய வைத்தார்கள். செய்தது நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிளில்! பாதம் தரையில் மோதவே இல்லை. தொடை, பிட்டம், முதுகு போன்ற பெரிய தசைகள் ஒரே நேரத்தில் ஆக்சிஜன் கேட்டால் இதயம் தானாக வேகம் எடுக்கும். ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் உடல் எடையைப் போல 2 முதல் 3 மடங்கு விசை காலில் இறங்குகிறது. அந்த மோதல் இல்லாமலே அதே மூச்சிரைப்பைக் கொண்டுவர எடை போதும்.

என் பயிற்சியின் உயிர்நாடி கெட்டில்பெல் ஸ்விங்: மேலே கைப்பிடி வைத்த இரும்புக் குண்டைக் கால்களுக்கு நடுவிலிருந்து முன்னே வீசுவது. பார்ப்பதற்குக் கையால் தூக்குவது போலத் தெரியும். உண்மையில் வேலை முழுக்க இடுப்பில்தான். பழகுவதற்குச் சுவருக்கு முதுகு காட்டி, ஒரு சாண் தள்ளி நில்லுங்கள். முட்டியை லேசாகத் தளர்த்தி, முதுகை நேராக வைத்துக்கொண்டே பிட்டத்தால் சுவரைத் தொடுங்கள். தொடையின் பின்பக்கம் இழுத்துப் பிடித்தால் சரியாகச் செய்கிறீர்கள். முட்டி முன்னே ஓடினால் அது ஸ்குவாட் ஆகிவிடும். இது கைவந்த பிறகு, எடையைத் தரையிலிருந்து தூக்கி வைக்கும் டெட்லிஃப்டைச் சில வாரம் செய்துவிட்டு ஸ்விங்குக்குப் போங்கள். எடை கீழே வரும்போது முன்கை தொடையின் உள்பக்கத்தில் உரசுகிற வரை காத்திருந்து, பிறகு இடுப்பை வெடுக்கென்று முன்னே தள்ள வேண்டும். எடை நெஞ்சு உயரத்துக்குத் தானே மிதந்து வரும். மறுநாள் பிட்டமும் தொடையின் பின்பக்கமும் வலித்தால் சரி. கீழ்முதுகு வலித்தால் நிறுத்திவிட்டு ஃபார்மைப் பாருங்கள்.

எடையோடு 20/10 கணக்கு எனக்கு ஒத்துவரவில்லை. 10 விநாடியில் பிடி மீள்வதில்லை. களைத்த கையோடு ஸ்விங் செய்தால் முதுகு வளைந்துவிடும். 30 விநாடி வேலை, 30 விநாடி ஓய்வுதான் நிலைத்தது. நெஞ்சோடு எடையை அணைத்துக்கொண்டு காப்லெட் ஸ்குவாட், அடுத்து ஒற்றைக் கை ரோ (குனிந்து நின்று எடையை இடுப்பை நோக்கி இழுப்பது), அடுத்து ஸ்விங், கடைசியில் புஷ் பிரெஸ் (முட்டியை லேசாக மடக்கி எழும் வேகத்தில் எடையைத் தலைக்கு மேல் தள்ளுவது). கால், கை என்று மாறி மாறி வருவதால் ஒரு தசை இளைப்பாறும்போது இன்னொன்று உழைக்கும். இதயத்துக்கு மட்டும் விடுப்பு கிடையாது. நான்கைந்து சுற்றில் இருபது நிமிடம். வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும். முட்டி முரண்டு பிடிக்கும் நாளில் ஸ்குவாட்டுக்குப் பதிலாக இரு கையிலும் எடையைத் தூக்கிக்கொண்டு ஹாலில் நடை. எளிதாகத் தெரிந்தாலும் மூன்றாவது சுற்றில் வேர்த்துக் கொட்டும்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்காதீர்கள், ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். தள்ளும்போது ‘ஹுஸ்’ என்று விட்டுவிடுங்கள். முடிந்ததும் பொத்தென்று உட்காராமல் நாலு நிமிடம் நடந்தால் தலைசுற்றல் வராது. கை மடங்கி இறுகும்போது வாட்ச் காட்டும் துடிப்புக் கணக்கு தடுமாறுகிறது; அதை நம்புவதை விட்டுவிட்டேன். எடையோடு உழைக்கும் அந்த 30 விநாடியில் இரண்டு மூன்று வார்த்தைக்கு மேல் பேச வராவிட்டால், அதுதான் சரியான வேகம்.

வாங்குகிறவர்களுக்கு: ஒரே வார்ப்பில் செய்த இரும்பு கெட்டில்பெல் நல்லது. கைப்பிடியில் விரலை ஓட்டிப் பாருங்கள், பிசிறு இருந்தால் உள்ளங்கை கிழியும். தட்டு கோத்துத் திருகு போடும் டம்பெல்லை ஸ்விங்குக்கு எடுக்கவே கூடாது. திருகு தளர்ந்து ஒரு முறை என் கால் பக்கத்திலேயே தட்டு விழுந்தது. டைல்ஸ் தரைக்குக் கனமான ரப்பர் பாய் அவசியம். வியர்வைக்கு ஒரு துண்டு. பெண்கள் 8 கிலோவிலும் ஆண்கள் 12 கிலோவிலும் தொடங்கலாம்.

பலன் என்று கேட்டால், 20 லிட்டர் தண்ணீர் கேனை மாடிக்கு நானே தூக்கி வருகிறேன். படி இறங்க கைப்பிடிச் சுவரைத் தேடுவதில்லை. உடல் எடை மட்டும், சோற்று அளவைக் குறைத்த பிறகுதான் இறங்கியது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: எலும்பு உறுதிக்குத் தரையின் மோதலும் கொஞ்சம் தேவை. முட்டி நன்றாக இருப்பவர்கள் கயிறு தாண்டுவதை இதற்காகக் கைவிட வேண்டாம். நெஞ்சுவலி, அதிக ரத்த அழுத்தம், குடலிறக்கம் உள்ளவர்களும் பிரசவமாகிச் சில மாதங்களே ஆனவர்களும் மருத்துவரைப் பார்த்த பிறகே எடையைத் தொடுங்கள்.