மாயர் குகைக்கு மாணவர் குழு: பெலீஸா, யுகடானா?

மாணவர்களை, மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் பழங்காலத்தில் வாழ்ந்த மாயர் இனத்தாரின் இடிபாடுகளுக்கு அழைத்துச் செல்ல நினைப்பவர்கள் எந்தப் பிரமிடு பெரியது என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால், குகையைப் பார்த்துத்தான் நாட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பிரமிடுப் பேச்சைச் சீக்கிரமே முடித்துவிடலாம். மெக்சிகோவின் யுகடானில் உள்ள மாயர் நகரமான சிச்சேன் இட்சா 1988 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. ஆனால் அங்குள்ள எல் காஸ்டியோ பிரமிடில் 2006 முதல் ஏற அனுமதி இல்லை. எதிரே நின்று கைதட்டி, எதிரொலி கேட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். மெக்சிகோவுக்குப் பக்கத்து நாடான பெலீஸில், சான் இக்னாசியோ ஊருக்கு அருகிலுள்ள ஷுனான்துனிச் இடிபாட்டில் சுமார் 40 மீட்டர் உயரக் கோயிலின் உச்சிவரை ஏறலாம். அங்கிருந்து குவாத்தமாலா தெரியும். பதினேழு வயதுக்காரர்கள் எதை விரும்புவார்கள் என்று கேட்கவே வேண்டாம்.

இனி குகைகள். சிச்சேன் இட்சாவிலிருந்து சில கிலோமீட்டரில் பலன்காஞ்சே குகை. காலங்காலமாக மூடிக்கிடந்த அறை ஒன்று 1959இல் அங்கே கண்டுபிடிக்கப்பட்டது. மரம்போல் எழுந்து நிற்கும் சுண்ணாம்புத் தூணைச் சுற்றி, மழைத் தெய்வத்தின் முகம் பதித்த தூபக்கலங்கள். பாதையும் மின்விளக்கும் உண்டு, நீந்த வேண்டியதில்லை. ஆனால் உள்ளே புழுக்கம் கடுமை. ஆஸ்துமா உள்ள பிள்ளைகளை வெளியே நிறுத்துவதே நல்லது. திறந்திருக்கிறதா என்பதையும் புறப்படும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பெலீஸின் ஆக்துன் துனிசில் முக்னால் குகை முற்றிலும் வேறு ரகம். காட்டுவழி நடந்து, ஆற்றைக் கடந்து, குகை வாயிலில் நீந்தித்தான் நுழைய வேண்டும். தலைக்கவசத்து விளக்கைத் தவிர வெளிச்சம் கிடையாது. வெகு தூரம் உள்ளே போனதும் பாறை ஏறிக் காலணியைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு நடக்கச் சொல்வார்கள். காரணம், காலடியிலேயே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட பானைகள் கிடக்கின்றன. சில வேண்டுமென்றே துளையிடப்பட்டவை. அதற்கும் அப்பால் சுண்ணாம்புப் படிவம் போர்த்து மினுமினுக்கும் ஒரு முழு எலும்புக்கூடு. 'பளிங்குக் கன்னி' என்று பெயர். இளைஞனாகவும் இருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். ஒரு சுற்றுலாப் பயணியின் கேமரா விழுந்து மண்டையோடு ஒன்று உடைந்ததால் 2012 முதல் கேமராவுக்குத் தடை. கைப்பேசி இல்லாமல் சில மணி நேரம்! ஆசிரியர்களுக்கு இதுவே பெரிய வரம்.

செலவில் யுகடானுக்கே வெற்றி. கான்கூனுக்கு விமானங்கள் அதிகம், நாற்பது பேரை ஒரே பஸ்ஸில் அள்ளிப்போட்டுக் கொண்டுபோகலாம். பெலீஸ் குகையில் ஒரு வழிகாட்டி எட்டுப் பேருக்கு மேல் அழைத்துச் செல்ல முடியாது; உரிமம் பெற்ற வழிகாட்டிகளையே அமர்த்த வேண்டும். அதே சமயம், அங்கே ஆங்கிலமே ஆட்சிமொழி என்பதால் விளக்கம் கேட்க மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை.

இருபது பேருக்குள், நீந்தத் தெரிந்த மேல்நிலை மாணவர்கள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு பெலீஸ். பெரிய கூட்டம், சின்னப் பிள்ளைகள் என்றால் யுகடான். பெலீஸ்தான் என்று முடிவானால் ஜூன் முதல் நவம்பர் வரையிலான மழைக்காலத்தைத் தவிருங்கள். ஆற்றில் வெள்ளம் வந்தால் குகையை மூடிவிடுவார்கள். தண்ணீருக்குப் பயப்படும் ஓரிருவர் இருந்தால், படகில் உட்கார்ந்தபடியே பார்க்கக்கூடிய பார்ட்டன் க்ரீக் குகை பக்கத்திலேயே இருக்கிறது.