கேஸ் தீர்ந்துபோச்சு என்று சொன்னால் முதலில் ஃப்ரீசரைத் திறந்து பாருங்கள்: டபுள் டோர் ஃப்ரிட்ஜோடு இத்தனை வருஷம்

தூத்துக்குடியில் எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருப்பது 2016 வாக்கில் வாங்கிய ஃப்ராஸ்ட் ஃப்ரீ, அதாவது பனியைத் தானே கரைத்துக்கொள்கிற டபுள் டோர். அம்மா வீட்டில் அதைவிடப் பழைய சிங்கிள் டோர் ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது. கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் கீழே எழுதியிருக்கும் தொல்லைகள் எந்தக் கம்பெனி ஃப்ரிட்ஜிலும் அநேகமாக இதே வரிசையில்தான் வரும், உள்ளே இருக்கிற அமைப்பு ஒன்றுதான். வாங்கிய வாரமே "கூலிங் சூப்பர்" என்று ஐந்து ஸ்டார் போடுகிறார்களே, அதில் ஒரு பிரயோஜனமும் கிடையாது. வாரன்டி முடிந்த பிறகுதான் ஃப்ரிட்ஜின் குணம் தெரியும்.

முதல் பெரிய தொல்லை: மேலே ஃப்ரீசரில் மீன் கல்லாக உறைந்து கிடக்கிறது, கீழே பால் திரிகிறது, தோசை மாவு ஒரே ராத்திரியில் புளித்துப் பொங்குகிறது. வந்த மெக்கானிக் கீழ்க்கதவைத் திறந்து கையை மட்டும் உள்ளே நீட்டிப் பார்த்துவிட்டு, "கேஸ் தீந்துபோச்சு அண்ணாச்சி, ஏத்திருவோம்" என்றார். கேஸ் சிலிண்டரில் அடுப்பு எரிக்கத் தீருகிற மாதிரி ஃப்ரிட்ஜில் கேஸ் தீராது. அது மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிற ஒன்று. ஓட்டை விழுந்தால் வெளியே போகும், இல்லையென்றால் இருபது வருஷம் ஆனாலும் அப்படியே இருக்கும். அதுவும் மேலே ஐஸ் நன்றாகக் கட்டுகிறது என்றால் கேஸை அழுத்திச் சுற்றவிடுகிற கம்ப்ரசரும் அந்தக் கேஸும் வேலை செய்கின்றன என்றுதானே அர்த்தம்? அப்போது குறை வேறெங்கோ இருக்கிறது.

பெரும்பாலான ஃப்ராஸ்ட் ஃப்ரீயில் குளிர் உண்டாகிற இடம் ஒன்றே ஒன்றுதான், ஃப்ரீசரின் பின்பக்க பிளாஸ்டிக் பேனலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிற காயில், அதாவது கேஸ் ஓடுகிற வளைகுழாய். ஒரு சின்ன ஃபேன் அந்தக் காயில் மேல் காற்றை இழுத்து ஃப்ரீசருக்கும், ஒரு வழியாகக் கீழ்த்தட்டுக்கும் தள்ளுகிறது. கீழே தனியாகக் குளிர் என்று எதுவும் கிடையாது, மேலிருந்து இறங்குகிற காற்றுதான். நாம் கதவைத் திறக்கும்போதெல்லாம் உள்ளே போகிற ஈரம் காயிலில் பனியாகப் படியும். அதைக் கரைக்க, கம்ப்ரசர் பல மணி நேரம் ஓடிய பிறகு ஒருமுறை அதை நிறுத்தி, காயிலை ஒட்டியிருக்கிற ஹீட்டரை உள்ளே இருக்கும் டைமரோ போர்டோ கொஞ்ச நேரம் தானாகப் போடும். கரைந்த தண்ணீர் ஒரு துளை வழியாகப் பின்னால் இறங்கிவிடும். இந்த ஹீட்டர் வேலை செய்யாவிட்டால் பனி கரையாமல் சேர்ந்து சேர்ந்து காயில் முழுவதும் ஐஸ் பாளமாகிவிடும், காற்று போக இடம் இருக்காது. முதலில் கீழே கூலிங் போகும், சில நாள் கழித்து மேலேயும் குறையும்.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். பொருட்களை எல்லாம் பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜுக்கு மாற்றிவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, இரண்டு கதவையும் திறந்து ஒரு நாள் முழுக்க விடுங்கள், கீழே பழைய துண்டுகளைப் போட்டுவிட்டு. மறுநாள் போட்டதும் கீழே பழையபடி குளிர்ந்து, ஒரு வாரமோ இரண்டு வாரமோ கழித்து மறுபடி அதே தொல்லை வந்தால் சந்தேகமே வேண்டாம், டிஃப்ராஸ்ட், அதாவது இந்தப் பனி கரைக்கிற சமாச்சாரம்தான். எங்களுக்கு அப்படித்தான் ஆனது. பேனலைத் திறந்தபோது காயிலே கண்ணுக்குத் தெரியவில்லை, வெள்ளைச் சுவர்.

அவசரத்தில் கத்தி, ஸ்க்ரூ டிரைவர் என்று எதையாவது வைத்து அந்த ஐஸைக் குத்தினால், அதுவரை இல்லாத கேஸ் லீக்கை நாமே உண்டாக்கிவிடுவோம். சிங்கிள் டோரில் இன்னும் மோசம், அதில் ஃப்ரீசர் பெட்டியின் அலுமினியத் தகட்டுக்குள்ளேயே கேஸ் ஓடுகிறது. அதில் குளிரைக் கூட்டிக் குறைக்கிற தெர்மோஸ்டாட் குமிழின் நடுவில் இருக்கும் பொத்தானை அழுத்தினால் போதும், ஐஸ் கரைந்ததும் அது தானாக வெளியே வந்துவிடும். அம்மா இன்று வரைக்கும் அந்தப் பொத்தானை நம்புவதில்லை, பிளக்கைப் பிடுங்கிவிட்டு விசிறியைத் திருப்பி வைக்கிறாள். அதுவும் சரிதான்.

டிஃப்ராஸ்டில் கெட்டுப்போகக் கூடியவை நாலு: ஹீட்டர், காயிலில் கிளிப் போட்டு மாட்டியிருக்கும் பைமெட்டல் (சூட்டைப் பார்த்து ஹீட்டரைத் துண்டிக்கிற சுவிட்ச்), ஒரு தெர்மல் ஃபியூஸ், அப்புறம் இதையெல்லாம் நேரம் பார்த்து நடத்துகிற டைமர் அல்லது போர்டு. பைமெட்டலைச் சோதிக்கும்போது ஒரு விஷயம். அது நல்ல குளிரில் மட்டுமே இணைப்புக் கொடுக்கும், அறைச் சூட்டில் துண்டித்துத்தான் இருக்கும். அதைக் கழற்றிக் கையில் வைத்து மல்டிமீட்டரில் பார்த்துவிட்டு "போச்சு" என்று சொல்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். நன்றாக உறைந்த நிலையில் பார்த்தால்தான் உண்மை தெரியும். எங்களுக்குப் போயிருந்தது பைமெட்டல், கேஸ் ஏற்றக் கேட்ட கூலியில் சின்னப் பங்குதான் செலவு. ஃபியூஸ் போனால் மட்டும் அதை நேரடியாக ஒயர் போட்டு இணைக்க விடாதீர்கள். பைமெட்டல் ஒட்டிக்கொண்டு ஹீட்டர் அணையாமல் எரிந்தால் தடுக்க இருக்கிறது அந்த ஒன்றுதான், சுற்றிலும் இருப்பதோ பிளாஸ்டிக்.

சரி, உண்மையிலேயே கேஸ் லீக் என்றால் எப்படி இருக்கும்? மேலே கீழே இரண்டுமே மந்தமாகும், கம்ப்ரசர் நிற்காமல் ஓடும், பேனலைத் திறந்தால் காயிலில் ஆரம்பத்து ஒன்றிரண்டு சுற்றில் மட்டும் பனி, மீதி வெறுமையாக இருக்கும். ஆக, பனி முழுக்க மூடியிருந்தால் டிஃப்ராஸ்ட், ஒரு மூலையில் மட்டும் இருந்தால் கேஸ், எங்குமே இல்லையென்றால் கேஸ் மொத்தமாகப் போயிருக்கலாம் அல்லது கம்ப்ரசரே ஓடவில்லை. பனி எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் கேஸ் பேச்சை எடுக்கிற மெக்கானிக்கிடம் ஃப்ரிட்ஜைக் கொடுக்க மாட்டேன்.

லீக் உறுதியானால், ஓட்டையைக் கண்டுபிடித்து அடைத்து, ஃபில்டரை மாற்றி, வேக்யூம் போட்டு (குழாய்க்குள் இருக்கிற காற்றை உறிஞ்சி எடுத்து), எடை பார்த்து ஏற்றச் சொல்லுங்கள். ஓட்டையை விட்டுவிட்டு ஏற்றுவது தண்டச் செலவு. இப்போது வருகிற வீட்டு ஃப்ரிட்ஜ்களில் பெரும்பாலும் ஆர்600ஏ, அதாவது ஐசோபியூட்டேன், அளவு சுமார் 50 கிராம்தான் இருக்கும், ஆனால் தீப்பிடிக்கிற வாயு. கம்ப்ரசர் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எழுதியிருக்கும், பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கையில் இருக்கிறது என்று பழைய ஆர்134ஏ கேஸை அதில் அடிக்கக் கூடாது. கேஸ் உள்ளே இருக்கும்போதே அடுக்களையில் டார்ச் பற்றவைத்து வெல்டிங் வைக்கிறேன் என்று வந்தால் அவரை வாசலோடு அனுப்பிவிடலாம்.

இரண்டாவது தொல்லை தண்ணீர். காய்கறிப் பெட்டிக்கு அடியில் தேங்கும், சில நாள் கதவு வழியாகத் தரைக்கு வரும். நான் சொன்ன அந்த வடிகால் துளை அடைத்திருக்கும், அவ்வளவுதான். கறிவேப்பிலை, மாவுத் துளி, கொத்தமல்லிக் குச்சி என்று எது வேண்டுமானாலும் இருக்கும். சிங்கிள் டோரில் உள்ளே பின்சுவரின் அடியிலேயே துளை தெரியும், ஊசி இல்லாத சிரிஞ்சில் வெதுவெதுப்பான தண்ணீரைப் பீய்ச்சினால் திறந்துவிடும். டபுள் டோரில் துளை பேனலுக்குப் பின்னால், அதனால் ஆள் வேண்டியிருக்கும்.

அந்தத் தண்ணீர் போய்ச் சேருகிற தட்டு பின்னால் கம்ப்ரசருக்கு மேல் இருக்கிறது. கம்ப்ரசர் சூட்டில் ஆவியாகிவிடும் என்பது கணக்கு, ஆனால் மழைக்காலத்தில் ஆகாது. டெங்கு காலத்தில் மாநகராட்சி ஆட்கள் வீட்டுக்குள் வந்து முதலில் பார்க்கிற இடங்களில் இது ஒன்று, சும்மா பார்க்கவில்லை, அந்தத் தட்டில் கொசுப்புழு நெளிவதை நானே பார்த்திருக்கிறேன். ஃப்ரிட்ஜுக்குள் எவ்வளவு கழுவினாலும் போகாத நாற்றமும் பாதி நேரம் இந்தத் தட்டிலிருந்துதான் வரும். வாரம் ஒருமுறை ஊற்றிக் கழுவுங்கள்.

இரண்டு குமிழ் வைத்த டபுள் டோர் இருந்தால் இதைக் கவனியுங்கள். பல மாடல்களில் அதில் ஒன்றுதான் தெர்மோஸ்டாட், இன்னொன்று காற்று வழியைத் திறந்து மூடுகிற வெறும் தடுப்பு. ஐஸ்கிரீம் இறுகவில்லை என்று ஃப்ரீசர் குமிழை முழுக்கத் திருப்பினால் கீழே போகிற காற்று குறைந்து, மறுபடி பால் திரியும், மறுபடி கேஸ் பேச்சு வரும். கோடை வந்தால் எல்லாரும் செய்கிற வேலை இது. கூடவே, காற்று வருகிற துவாரத்துக்கு நேராக மாவுச் சட்டியை வைத்து அடைப்பதும். கீழ்த்தட்டில் ஒரு டம்ளர் தண்ணீருக்குள் தெர்மாமீட்டரைப் போட்டு ராத்திரி முழுக்க வைத்துக் காலையில் பாருங்கள், 4 டிகிரி பக்கம் இருந்தால் போதும். ஃப்ரீசருக்கு மைனஸ் 18.

கதவு ரப்பர். ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் பிடிக்கவில்லை. பெரும்பாலும் காய்ந்த மாவும் எண்ணெய்ப் பிசுக்கும்தான், சோப்புத் தண்ணீரில் துடைத்தாலே பாதி சரியாகும். எங்கள் ஊர் உப்புக் காற்றில் ரப்பரைவிடக் கீல் ஸ்க்ரூதான் முதலில் துருப்பிடிக்கிறது, கதவு லேசாகத் தொங்கி மேல் மூலையில் இடைவெளி விடுகிறது. காயிலில் பனி அதிகம் சேர இதுவும் காரணம்.

கரன்ட் போய் வந்ததும் பின்னால் "டிக்" என்று சத்தம், கொஞ்சம் முனகல், மறுபடி "டிக்" என்றால், கம்ப்ரசர் கிளம்ப முடியாமல் ஓவர்லோட் என்கிற பாதுகாப்பு சுவிட்ச் அதை வெட்டிவிடுகிறது. குழாய்க்குள் அழுத்தம் சமமாக மூன்று நாலு நிமிஷம் வேண்டும், அதற்குள் போட்டால் அப்படித்தான் தவிக்கும். பத்து நிமிஷம் விட்டுப் போட்டும் கேட்டால் வோல்டேஜ் குறைவு அல்லது கம்ப்ரசரைக் கிளப்பிவிடுகிற ரிலே. ரிலே மலிவான சாமான், கம்ப்ரசர் போச்சு என்று சொல்வதற்கு முன் அதை மாற்றிப் பார்த்தாரா என்று கேளுங்கள். மே மாதச் சாயங்காலத்தில் எங்கள் தெருவில் வோல்டேஜ் பாதாளத்துக்குப் போகும், அதனால் டைம் டிலே வைத்த ஸ்டெபிலைசர் போட்டிருக்கிறேன். இன்வர்ட்டர் கம்ப்ரசர் மாடல்கள் மெதுவாகக் கிளம்புவதால் இந்தத் தொல்லை குறைவு, ஆனால் அதில் போர்டு போனால் செலவு கண்ணைக் கட்டும்.

ஃப்ரிட்ஜின் பக்கச் சுவர் சுடுகிறது என்று நிறையப் பேர் பயப்படுகிறார்கள். சூட்டை வெளியேற்றுகிற குழாய் அந்தத் தகட்டுக்குப் பின்னால்தான் ஓடுகிறது, சுடத்தான் செய்யும். சுவரோடு ஒட்டி நெருக்காமல் நாலு விரல் இடம் விடுங்கள்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் இங்கே எத்தனையோ வீடுகளில் ஃப்ரிட்ஜ் மிதந்தது. தண்ணீர் வடிந்ததும் துடைத்துவிட்டு பிளக்கைப் போட்டவர்களுக்கு ரிலேயும் போர்டும் போயின. பல நாள் காயவிட்டு எர்த் லீக்கேஜ் (உடம்பில் கரன்ட் கசிகிறதா என்று) பார்த்துப் போட்டவர்களில் சிலருக்கு ஓடியது, ஆனால் ஃப்ரிட்ஜ் சுவருக்குள் இருக்கிற ஃபோம் தண்ணீர் குடித்திருந்தால் கூலிங் பழையபடி நிற்காது. எங்கள் தெரு கொஞ்சம் மேடு, தப்பித்தோம்.

இன்றைய நிலவரம்: கூலிங்கில் குறை இல்லை, ஃபேன் எப்போதாவது கடகடவென்கிறது, பிளேடில் ஐஸ் உரசுகிறது என்று நினைக்கிறேன், அடுத்த முறை பேனலைத் திறக்கும்போது பார்க்க வேண்டும். ரப்பரை அளவு கொடுத்து உள்ளூரிலேயே அடித்து வாங்கிப் போட்டாயிற்று, நன்றாகப் பிடிக்கிறது. காய்கறிப் பெட்டியின் பக்கத்துப் பிடி மட்டும் உடைந்துவிட்டது, அந்த மாடலுக்கு உதிரி வருவதே நின்றுவிட்டதாம். யாரிடமாவது பழைய 2016 மாடல் பெட்டி சும்மா கிடந்தால் சொல்லுங்கள்.