மரத்தளத்துக்குச் சாயம் பூசுமுன்: இரண்டு பொடிகள்
தக்கலை அருகே எங்கள் மாடியிலுள்ள தேக்குப் பலகைத் தளம், ஆண்டுக்கு இரண்டு பருவமழையில் நனைந்து சாம்பல் நிறமேறி, ஆணிகளைச் சுற்றிக் கறுத்திருந்தது. கடைக்காரர் முதலில் நீட்டிய குளோரின் ப்ளீச், பாசியைக் கொன்றாலும் மரநாரையும் அரித்துவிடும் என்பதால் அதை மறுத்து, நீரில் ஆக்சிஜனை வெளியிட்டு அழுக்ககற்றும் சோடியம் பெர்கார்பனேட் பொடியை வாங்கினேன். வெதுவெதுப்பான நீரில் கரைத்து ஊற்றியதும் நுரைத்து, கால் மணி நேரத்தில் அழுக்கைப் பழுப்புக் குழம்பாக மேலே கொண்டுவந்தது. தும்புப் பிரஷால் மரத்தின் ரேகைப் போக்கில் தேய்த்ததே போதுமானதாக இருந்தது. ஆணிக் கறுப்பு மட்டும் அசையவில்லை. இரும்பும், மரத்தில் இயல்பாக உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளும் சேர்ந்த அந்தக் கறையை, இரண்டாவது பொடியான ஆக்ஸாலிக் அமிலத்தின் கரைசல்தான் நீக்கியது; முதல் பொடி விட்டுச்சென்ற காரத்தையும் அதுவே தணித்தது. அது நச்சுப்பொருள், கையுறை கட்டாயம். மூன்று நாள் வெயிலில் காய்ந்து, தெளித்த நீரைப் பலகை உடனே உறிஞ்சிய பின்பே சாயம் பூசினேன்.