பிள்ளையின் பாதுகாவல்: ஆட்கொணர்வு மனுவா, மாவட்ட நீதிமன்ற வழக்கா?

மூதூரில் தாயிடம் வளரும் நாலு வயதுப் பிள்ளையை, "ரெண்டு நாளில கொண்டுவந்து விடுறன்" என்று திருகோணமலைக்குக் கூட்டிப்போன தகப்பன் திருப்பி அனுப்பவில்லை. எங்கே போவது?

பறித்துவைத்த பிள்ளைக்கு ஆட்கொணர்வு மனுதான் (சட்டவிரோதமாகத் தடுத்துவைத்திருப்பவரை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தக் கேட்கும் மனு) வேகமான வழி. இலங்கை அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆம் திருத்தம் இம்மனுவை விசாரிக்கும் அதிகாரத்தை மாகாண மேல் நீதிமன்றங்களுக்கும் தந்ததால் கொழும்புக்கு ஓடத் தேவையில்லை. ஆனால் "சட்டவிரோதத் தடுத்துவைப்பு" என்று காட்டுவதில்தான் சிக்கல். திருமணம் நிலைத்திருக்கும்வரை இலங்கையின் பொதுச் சட்டமான றோமன் டச்சுச் சட்டம் தகப்பனுக்கே முன்னுரிமை தருகிறது. பிள்ளையின் நலன் அதையும் மேவும் என்று நீதிமன்றங்கள் ஏற்பது உண்மை. அந்த நலனை வெறும் வாதத்தால் நாட்ட முடியாது. கிளினிக் அட்டை, முன்பள்ளி வரவுப் பதிவு, இதுவரை யார் குளிப்பாட்டி உணவூட்டி வளர்த்தார்கள் என்ற சத்தியக்கடதாசி எல்லாம் கையில் இருக்கவேண்டும்.

மாவட்ட நீதிமன்றம் மெதுவானது, தவணை இழுபடும். ஆனாலும் பாடசாலை, விடுமுறை, மற்றப் பெற்றோர் பார்க்க வரும் நாள் என நீடித்த ஒழுங்குகளை அங்கேதான் நிதானமாகக் கேட்கலாம். விவாகரத்து வழக்கு நடந்தால் இடைக்காலப் பாதுகாவல் கட்டளையும் கோரலாம். ஆட்கொணர்வு மனு மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனாலும், பாதுகாவல் பிணக்கை இத்தகைய நீதிமன்றத்துக்கே அனுப்ப அதற்கு அதிகாரம் உண்டு.

பிள்ளையை ஒளித்துவைத்திருந்தால் நான் முதலில் ஆட்கொணர்வு மனுவையே தாக்கல் செய்வேன். மற்றவற்றுக்கு மாவட்ட நீதிமன்றம். தாபரிப்புப் பணத்துக்கு (பிள்ளையின் பராமரிப்புச் செலவுக்கு) 1999இன் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின்கீழ் நீதவான் நீதிமன்றத்தில் தனி விண்ணப்பம் போடவேண்டும், அதைத் தள்ளிப்போடாதீர்கள்.