நகைச்சுவையில் நீங்கள் யார் பக்கம்: சார்லி சாப்ளினா, ‘லாரல் - ஹார்டி’ ஜோடியின் ஸ்டான் லாரலா?

1910இல் ஃப்ரெட் கார்னோவின் நாடகக் குழு இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறியபோது அதில் இருவருமே இருந்தார்கள். 21 வயது சாப்ளின்தான் குழுவின் நட்சத்திரம். அவருக்கு முடியாமல் போனால் மேடையேற வேண்டிய மாற்று நடிகர், 20 வயது ஸ்டான்.

சாப்ளினின் நகைச்சுவைக்கு அடியில் பசி இருக்கும். ‘த கோல்ட் ரஷ்’ஷில் (1925) பூட்ஸை வேகவைத்துத் தின்பாரே, அந்தக் காட்சியைப் பாருங்கள்: ஆணியைக் கோழி எலும்பு மாதிரி சப்புவார், லேஸை நூடுல்ஸ் போலச் சுற்றி எடுப்பார். வயிறு குலுங்கச் சிரிக்கும்போதே தொண்டை அடைக்கும். பிள்ளைப் பருவத்தில் ஒரு பகுதியை லண்டன் ஏழைகள் விடுதியில் கழித்தவருக்கு அது வெறும் நடிப்பில்லை.

ஸ்டானிடம் அந்தச் சோகம் கிடையாது. அவரும் ஜோடி ஆலிவர் ஹார்டியும் பியானோவைப் படிக்கட்டில் ஏற்றுவார்கள், உருண்டு கீழே போகும், மறுபடி ஏற்றுவார்கள். ‘த மியூசிக் பாக்ஸ்’ (1932) முழுக்க இவ்வளவுதான், ஆஸ்கர் வாங்கியது. திரையில் ஹார்டிதான் அதிகாரம் பண்ணுவார், ஆனால் நகைச்சுவையை யோசித்துச் செதுக்கியது பெரும்பாலும் ஸ்டான்தான்.

பணத்தில் ஒப்பிடவே முடியாது. சாப்ளின் 1919லேயே யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் என்ற படக் கம்பெனியின் பங்குதாரர்; ஸ்டான் தயாரிப்பாளர் ஹால் ரோச்சிடம் சம்பளக்காரர்.

மேதை சாப்ளின்தான், சந்தேகமில்லை. ஆனாலும் என் மனசு ஸ்டான் பக்கம். 1957இல் ஹார்டி இறந்தபின் அவர் நடிக்கவே இல்லை. சான்டா மோனிகாவில் சின்ன அபார்ட்மென்ட், டெலிபோன் டைரக்டரியில் அவர் நம்பர். ரசிகர்கள் கூப்பிட்டால் அவரே எடுத்துப் பேசுவார்.