காப்பீட்டு அட்டையோடு வேலூரில் சைக்காலஜிஸ்ட் தேடி அலைபவர்களுக்கு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் காட்டித் தனியார் கிளினிக்கில் கவுன்சலிங் எடுக்கலாம் என்று நினைத்து நாங்கள் இரண்டு மாதம் அலைந்தோம், நடக்கவில்லை. ஆனால் அட்டையே கேட்காமல், பைசா வாங்காமல், என் தங்கச்சிக்கு முறையான சிகிச்சை வேறு இடத்தில் கிடைத்தது. அந்த இரண்டு மாதம் மற்றவர்களுக்கு வீணாகக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

தங்கச்சிக்கு 22 வயது. கை கழுவிக்கொண்டே இருப்பாள். ஒரு ஹமாம் சோப்பு இரண்டு நாள் வரும், அவ்வளவுதான். விரல் இடுக்கெல்லாம் வெடித்து, மோர் சோறு பிசைந்தால் உப்பு பட்டு எரியும், அதனால் ஸ்பூனில் சாப்பிட ஆரம்பித்தாள். "இன்னாடி இது, வெள்ளக்காரி மாதிரி" என்று அம்மா திட்டுவார், அவள் பதில் சொல்ல மாட்டாள். தோல் வியாதி என்று நினைத்து மெடிக்கலில் களிம்பு வாங்கித் தடவினோம். கடைசியில் ஒரு தோல் டாக்டர்தான் கையைப் பார்த்துவிட்டு, "ஒரு நாளைக்கு எத்தனை தடவை கழுவுறம்மா?" என்று மெதுவாகக் கேட்டார். அவள் அங்கேயே அழுதுவிட்டாள். சைக்காலஜிஸ்டைப் பாருங்கள் என்று எழுதிக்கொடுத்தார்.

அப்பா தறி ஓட்டுகிறவர். காப்பீட்டு அட்டை இருக்கிறதே என்று தைரியமாகக் கிளம்பினோம். முதல் கிளினிக்கில் ரிசப்ஷனில் இருந்த பெண் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அக்கா, இது ஆபரேஷன் மாதிரி விஷயத்துக்குத்தான் செல்லும்" என்றாள். 45 நிமிடத்துக்கு 1,000 ரூபாய், வாரம் ஒரு தடவை வர வேண்டும். மாதம் 4,000 எங்களால் முடியாது. இரண்டாவது இடத்தில் வெளியே "மனநல ஆலோசகர்" என்று பெரிய போர்டு. என்ன படித்திருக்கிறார், ஆர்.சி.ஐ. பதிவு எண் என்ன என்று கேட்டேன். "பதினைந்து வருஷ அனுபவம்மா" என்றுதான் பதில் வந்தது, எண் வரவில்லை. அதோடு பத்து சிட்டிங்குக்கு முன்பணம் வேறு கேட்டார்கள். வந்துவிட்டோம்.

இந்தப் பதிவு எண் விஷயத்தைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று ஒருவர் வேலை செய்ய, இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் என்கிற ஆர்.சி.ஐ.யில் பதிவு இருக்க வேண்டும். பெரும்பாலும் எம்.ஏ. அல்லது எம்.எஸ்சி. முடித்து, அதற்குமேல் மருத்துவமனைப் பயிற்சியோடு இரண்டு வருட எம்.ஃபில். படித்திருப்பார்கள். மாத்திரை எழுத மாட்டார்கள், அது மனநல டாக்டரான சைக்கியாட்ரிஸ்ட் வேலை. "ஆலோசகர்" என்று போர்டு வைப்பவர்கள் எல்லாரும் இந்தப் படிப்பு படித்தவர்கள் இல்லை. எண்ணைக் கேட்டால் கோபப்படுகிறவரிடம் உங்கள் வீட்டுப் பிள்ளையை உட்கார வைக்காதீர்கள்.

அட்டை ஏன் செல்லவில்லை என்பது பிறகுதான் புரிந்தது. 2012 ஜனவரியில் தொடங்கிய இந்த முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் 2018-ல் மத்திய அரசின் காப்பீட்டுத் திட்டமான ஆயுஷ்மான் பாரத்தோடு சேர்ந்தது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை உண்டு. ஆனால் அது பட்டியலில் இருக்கிற சிகிச்சைகளுக்கு, பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்தால். வாரம் ஒரு தடவை போய் உட்கார்ந்து பேசிவிட்டு வருவது அந்தப் பட்டியலுக்குள் வராது. அதனால் கிளினிக் கிளினிக்காகப் போய் "இந்தக் கார்டு எடுப்பீங்களா" என்று கேட்பது தப்பான கேள்வி. அரசு மருத்துவமனை ஓ.பி.யில் மனநலப் பிரிவு எந்த நாள், சைக்காலஜிஸ்ட் எந்த நாள் இருப்பார் என்று கேட்க வேண்டும்.

எங்களுக்கு அந்த வழியைக் காட்டியது 14416. டெலி மானஸ் என்று 2022 அக்டோபரில் ஆரம்பித்த இலவச மனநல உதவி எண், ராத்திரி பகல் எப்போதும் எடுக்கிறார்கள், தமிழிலேயே பேசலாம். ஒரு நாள் ராத்திரி பதினொரு மணிக்கு அவளே போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய் அரை மணி நேரம் பேசினாள். வீட்டுக்கு வெளியே ஒருவரிடம் அவளாகவே வாய் திறந்து சொன்னது அதுதான் முதல் தடவை. மாவட்ட மனநலத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது, அரசு மருத்துவமனையில் கேளுங்கள் என்றார்கள்.

வேலூரைச் சுற்றியுள்ள ஓர் அரசு மருத்துவமனை. பெயர் போடவில்லை, தங்கச்சியை யாரும் அடையாளம் கண்டுபிடிக்கக் கூடாது. முதல் நாள் காலை ஏழரை பஸ் பிடித்து, ஓ.பி. சீட்டு வாங்கி, பதினோரு மணிக்கு சைக்கியாட்ரிஸ்டைப் பார்த்தோம். ஓ.சி.டி. என்றார், அதாவது ஒரே பயம் திரும்பத் திரும்ப வந்து, ஒரே காரியத்தை மறுபடி மறுபடி செய்ய வைக்கிற நோய். மாத்திரை எழுதினார், பலன் தெரிய ஆறு வாரமாவது ஆகும், அதற்குள் நிறுத்திவிடாதீர்கள் என்று இரண்டு தடவை சொன்னார். அப்புறம் பக்கத்து அறையில் சைக்காலஜிஸ்ட் மேடம். இரும்பு பீரோ, ஒரு மேசை, சத்தம் போடுகிற ஃபேன், அவ்வளவுதான் அறை. ஆனால் முதல் நாள் நாற்பது நிமிடம் பேசினார்.

அவர் செய்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஒரு நோட்டில் அவள் தொடப் பயப்படுகிற பத்துப் பொருளை, சுலபமானதிலிருந்து கஷ்டமானது வரை வரிசையாக எழுதச் சொன்னார். முதலில் எங்கள் வீட்டுக் கேட் கொக்கி, கடைசியில் பஸ் கம்பி. கொக்கியைத் தொட்டுவிட்டுக் கழுவாமல் உட்கார வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை பயம் நூற்றுக்கு எவ்வளவு என்று எழுத வேண்டும். முதல் நாள் நோட்டில் 80, 80, 75, 60, 45, 35 என்று இருந்தது. கழுவாமலேயே பயம் இறங்குகிறது என்பதை அவள் கண்ணாலேயே பார்த்தாள். எங்களுக்கும் வேலை கொடுத்தார். "சுத்தமா இருக்கா?" என்று அவள் கேட்டால் நாங்கள் "சுத்தமா இருக்கு" என்று சொல்லக் கூடாது. நாங்கள் அன்பாகச் சொல்லிக்கொண்டிருந்த அந்தப் பதில்தான் மறுபடி மறுபடி கேட்க வைக்கிறதாம். அம்மாவுக்கு அதுதான் ரொம்பக் கஷ்டம். முதல் வாரம் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சமையல்கட்டுக்குப் போய்விடுவார்.

குறைகளும் உண்டு. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவைதான் நேரம் கிடைக்கிறது. கதவு சாத்துவதில்லை, பேசிக்கொண்டிருக்கும்போதே அடுத்தவர் எட்டிப் பார்ப்பார், ஒரு சின்னப் பெண் எப்படி மனம் விட்டுப் பேசுவாள்? ஒரு தடவை மேடம் முகாமுக்குப் போய்விட்டார், யாரும் முன்னாடி சொல்லவில்லை, அப்பாவின் ஒரு நாள் கூலி போனதுதான் மிச்சம். அதிலிருந்து கிளம்பும்போதே அடுத்த தேதியை ஓ.பி. சீட்டில் எழுதி வாங்கிக்கொள்கிறோம்.

உங்கள் வீட்டில் யாராவது ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோல், ஷூ கம்பெனியில் மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளத்தில் இருந்தால், தொழிலாளர் காப்பீடான ஈ.எஸ்.ஐ.க்குச் சம்பளத்தில் பிடிக்கிறார்களா என்று பாருங்கள். அதில் ஓ.பி. சிகிச்சையும் சேரும், டிஸ்பென்சரியில் ஆரம்பித்துப் பரிந்துரைச் சீட்டு கேளுங்கள். தனியார் காப்பீடு வைத்திருப்பவர்கள் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவைப் படியுங்கள். உடல் நோய்க்கு இருக்கிற அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று இருக்கிறது. வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. என்கிற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் இருக்கிறது, நோயாளியோடு குடும்பத்தாரையும் தங்கவைத்துப் பார்ப்பது அங்கே பல பத்தாண்டுப் பழக்கம். நாங்கள் போகவில்லை, அதனால் அதற்கு மார்க் போட மாட்டேன்.

ஐந்து மாதம் ஆகிறது. விரல் வெடிப்பு ஆறிவிட்டது, போன ஞாயிறு கறிக்குழம்பைக் கையால் பிசைந்து சாப்பிட்டாள், நாங்கள் யாரும் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. நோட்டில் இன்னும் மூன்று பொருள் பாக்கி. பஸ் கம்பி இன்னும் வரவில்லை, இப்போதைக்கு என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் மருத்துவமனைக்கு வருகிறாள்.