முட்டத்தில் பார்த்த கேமரா, கோயிலுக்குள் பார்த்த கேமரா

ஒரு கேமரா கம்பெனி முட்டத்தில் இலவசமாக நடத்திய போட்டோ வாக்குக்கு, அதாவது கூட்டமாக நடந்துபோய்ப் படம் எடுக்கும் நிகழ்ச்சிக்கு, போயிருந்தேன். அங்கே கையில் கொடுத்த அதே மாடலை அடுத்த வாரமே நாகர்கோவில் வடசேரிப் பக்கம் ஒரு கடையில் வாடகைக்கு எடுத்து ஒரு கல்யாணத்துக்குக் கொண்டுபோனேன். இரண்டையும் சேர்த்துத்தான் இந்த விமர்சனம். தக்கலையில் ஸ்டூடியோ வைத்து, கல்யாணம், ஞானஸ்நானம், பால்காய்ப்பு என்று எடுத்துப் பிழைப்பவள் நான். லென்ஸ் இல்லாத கேமரா, அதாவது பாடி மட்டுமே இரண்டு லட்சத்தைத் தாண்டுகிறது. லென்ஸோடு சேர்த்தால் ஒரு சீசன் சம்பாத்தியம் போய்விடும். யார் பேச்சை நம்பி வாங்குவது என்பது எனக்குச் சோற்றுக் கேள்வி.

கம்பெனி பெயரையும் கடை பெயரையும் போடவில்லை. கம்பெனி பெயரைப் போட்டால் பேச்சு அந்த பிராண்டோடு நின்றுவிடும். நான் சொல்ல வருவது எல்லா பிராண்டுக்கும் பொருந்தும். கடை பெயரைப் போட்டால் இதுவே விளம்பரமாகிவிடும்.

முதலில் போட்டோ வாக். ஏற்பாட்டில் ஒரு குறையும் சொல்ல முடியாது. லைட்ஹவுஸுக்குக் கீழே பாறைப் பக்கம் சாயங்காலம் கூட்டிப்போனார்கள். ஆளுக்கொரு பாடி, கேட்ட லென்ஸ், குடிக்கத் தண்ணீர், டீ. நடத்தியவர் சென்னையிலிருந்து வந்த இயற்கைக் காட்சிப் புகைப்படக்காரர், அந்தக் கம்பெனியின் அம்பாசடர், அதாவது அவர்கள் சார்பில் கேமராவை எடுத்துக்காட்டுகிறவர். அதை அவரே முதல் பேச்சிலேயே சொல்லிவிட்டார். படம் எடுப்பதில் பெரிய கை. பாறையில் அலை ஏறி இறங்கும் நேரத்தில் ஷட்டரை எவ்வளவு மெதுவாக வைத்தால் நுரை நூலாக நிற்கும் என்று அவர் காட்டியதை வேறெங்கும் கற்றிருக்க மாட்டேன். ஆளின் கண்ணைத் தானே பிடிக்கும் ஃபோகஸை ஒரு பட்டனிலும், இடத்தைக் குறிவைக்கும் ஃபோகஸை இன்னொரு பட்டனிலும் பிரித்து வைக்கச் சொன்னார். இப்போது என் சொந்தக் கேமராவிலும் அப்படித்தான் வைத்திருக்கிறேன். மெனுவுக்குள்ளே எது எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறார். இந்த அளவு பழக்கம் பத்து நாள் கடனாக வாங்கி வீடியோ போடுகிறவருக்கு வராது.

ஆனால் நான் கேட்ட மூன்று கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. இதே விலையில் இருக்கும் மற்ற கம்பெனி பாடியை விட இது எதில் மேல் என்று கேட்டேன். "மத்ததை எல்லாம் தொட்டுப் பல வருஷம் ஆச்சுங்க" என்றார். மூன்று வருஷம் கழித்து விற்றால் என்ன தேறும் என்று கேட்டேன். அவர் விற்றதில்லை, புதிது வந்ததும் பழையதைத் திருப்பிக் கொடுக்கிறார். சர்வீஸுக்குக் கொடுத்தால் எத்தனை நாளில் திரும்ப வரும் என்று கேட்டேன். அவருக்கு அன்றைக்கே மாற்றுப் பாடி வந்துவிடுமாம். எதையும் மறைக்கவில்லை, நேர்மையாகத்தான் சொன்னார். அந்த நேர்மையில்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. அம்பாசடர் பொய் சொல்வாரா என்று நாம் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். அவர் பொய் சொல்லவே வேண்டாம். வாங்குகிறவனுக்கு எங்கெல்லாம் வலிக்குமோ அங்கெல்லாம் அவருக்கு வலி வராதபடி கம்பெனி பார்த்துக்கொள்கிறது. வராத வலியை அவர் எப்படிச் சொல்வார்?

இன்னொன்றும் கண்ணில் பட்டது. அலைத் தூறல் பட்ட ஒவ்வொரு கேமராவையும் கம்பெனிப் பையன்கள் உடனுக்குடன் வாங்கி, ஈரத்துணியால் ஒரு தடவை, உலர்ந்த துணியால் ஒரு தடவை துடைத்து, சிலிக்கா ஜெல் போட்ட பெட்டியில் வைத்தார்கள். "வெதர் சீல்டு, பயப்படாதீங்க" என்று, தண்ணீரும் தூசியும் உள்ளே போகாது என்ற அர்த்தத்தில், மைக்கில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இது நடந்தது. அந்த மாடலின் வாரண்டித் தாளை வாங்கிப் படித்தேன். தண்ணீர், மணலால் வரும் பழுது வாரண்டியில் சேராது என்று இருக்கிறது. குளச்சல் கடற்கரையில் அவுட்டோர் ஷூட் எடுக்கும் எங்களுக்கு மைக்கில் கேட்டதை விட அந்தத் தாள்தான் உதவும்.

சரி, கல்யாணம். இரணியல் பக்கம் ஒரு கோயில், காலைப் பூசை. எங்கள் பக்கம் சர்ச்சைத்தான் கோயில் என்போம். போட்டோ வாக்கில் அந்த அம்பாசடர் அதிகம் புகழ்ந்தது சத்தமே இல்லாமல் எடுக்கும் சைலண்ட் ஷட்டரை. கோயிலுக்குள் எடுக்கிற எனக்கும் அதில்தான் ஆசை இருந்தது. பூசை நடக்கும்போது டக் டக் என்று சத்தம் வந்தால் சாமியார் திரும்பிப் பார்ப்பார். ஆனால் வாடகைக் கடைத் தம்பி கேமராவைக் கையில் கொடுக்கும்போதே சொல்லிவிட்டான்: "அக்கா, நல்ல சாதனமாக்கும். ஆனா கோயிலுக்குள்ள சைலண்டுல போடாதிங்க, எல்இடி வெளிச்சத்துல வரி விழும். வேணும்னா பூசை தொடங்க முன்ன ரெண்டு எடுத்துப் பாருங்க."

எடுத்துப் பார்த்தேன். பெண் வாசலில் நிற்கிறாள், வெள்ளைச் சேலை, தலையில் நெட். ஷட்டர் 1/250 வினாடி, சைலண்ட். பின்னால் திரையில் பெரிதாக்கிப் பார்த்தால், தோளிலிருந்து முந்தி வரை சேலையில் குறுக்காக மங்கல் பட்டைகள், ஒன்று விட்டு ஒன்று. நெட்டிலும் அதே. மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றினேன், பட்டை போய்விட்டது, சத்தம் வந்தது.

இது கேமரா பழுது இல்லை. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். சாதாரண எல்இடி விளக்கு அதோடு சேர்ந்து ஒரு வினாடிக்கு 100 தடவை கூடிக் குறைகிறது. சைலண்டில், கேமராவுக்குள் படத்தைப் பிடிக்கும் சென்சார் அதை மேலிருந்து கீழே வரிசை வரிசையாகப் படிக்கிறது. படித்து முடிப்பதற்குள் விளக்கு பல தடவை கூடிக் குறைந்துவிடும், அதுதான் பட்டை. ஷட்டரை 1/100, 1/50 என்று வைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். ஆனால் நடந்து வருகிற பெண் அதில் கலங்கிவிடுவாள். வேகமாகப் படிக்கும் ஸ்டாக்டு சென்சார் உள்ள பாடிகளில் இந்தத் தொல்லை நன்றாகக் குறையும், விலை அதற்கேற்ப ஏறும். இவ்வளவும் அந்த அம்பாசடருக்குத் தெரியாமல் இருக்காது. அவர் வேலை வெயிலில், காட்டில், கடலோரத்தில். எல்இடி போட்ட கோயில் அவர் வழியில் வருவதே இல்லை.

2020இல் கேனான் ஆர்5 கேமரா வந்தபோது நடந்ததையும் இங்கே சொல்லலாம். மிகத் துல்லியமான 8கே வீடியோ, கேமரா சூடாகி நிற்கும் முன் சுமார் 20 நிமிஷம் ஓடும் என்று கம்பெனியே வெளியிட்டது; அந்தக் கணக்கு 23 டிகிரி வெப்பத்துக்கு. கம்பெனி ஒளிக்கவில்லை. ஆனால் மே மாதம் மார்த்தாண்டத்தில் ஏசி இல்லாத மண்டபத்தில் அது எத்தனை நிமிஷம் என்பதை அங்கே நின்று எடுக்கிறவன்தான் சொல்ல முடியும்.

இப்போது வாடகைக் கடை. மாடியில் ஒரே அறை. நாள் வாடகை 1,800 ரூபாய், ஆதார் நகல், தெரிந்தவர் ஒருவர் போன் நம்பர். பில் கேட்டால்தான் தருகிறார்கள், அது ஒரு குறை. ஞாயிறு சாயங்காலம் திருப்பிக் கொடுக்கப் போனால் நெரிசல், மாடிப்படியில் நிற்க வேண்டும். ஆனால் இந்த மாவட்டத்தில் நான் படித்த கேமரா விமர்சனங்களிலேயே சிறந்தது அந்தத் தம்பியின் நீள நோட்டுதான். ஒவ்வொரு பாடிக்கும் லென்ஸுக்கும் ஒரு பக்கம். எப்போது என்ன போனது, சரிசெய்ய எவ்வளவு ஆனது, எத்தனை நாள் கடையில் இல்லாமல் கிடந்தது என்று தேதி போட்டு எழுதியிருக்கிறான். ஒரு லென்ஸுக்கு ஜூம் வளையத்து ரப்பர் இளகினது இரண்டு இடத்தில் இருக்கிறது. வேறொரு பாடிக்கு பேட்டரி மூடி.

நான் திருப்பிக் கொடுத்ததும் டார்ச் அடித்து முதலில் ஃபிளாஷ் மாட்டும் ஹாட் ஷூவைத்தான் பார்த்தான். "கடக்கரைக்குப் போனியளா?" இல்லை என்றேன். "உப்பு ஏறினா மொதல்ல இதாக்கும் காட்டும். பச்சை பிடிக்கும். பொறவு லென்ஸ் மாட்டுத மவுண்டு ஸ்குரு." அவனிடம் நான்கு கம்பெனி பாடியும் இருக்கிறது. எது வாடகைக்குப் போனாலும் அவனுக்குப் பணம்தான், எது கெட்டாலும் அவன் பணம்தான் போகும். அவனும் தன்னிடம் இருப்பதைத்தான் சொல்வான், இல்லாததைச் சொல்லமாட்டான். அதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வாடகைக் கடை கண்டுபிடிக்கும் என்பதற்குப் பெரிய சாட்சியே உண்டு. நிக்கான் டி600 கேமரா 2012 செப்டம்பரில் வந்தது. விமர்சனமெல்லாம் அமோகம். அடுத்த மாதமே அமெரிக்காவில் லென்ஸ்ரென்டல்ஸ் என்ற வாடகை நிறுவனத்தின் ராஜர் சிகாலா, தங்களிடமுள்ள டி600களின் சென்சாரில் இடது மேல் மூலையில் புள்ளிகள் சேர்கின்றன என்று எழுதினார். ஒவ்வொரு வாடகைக்குப் பிறகும் சென்சாரைச் சோதிக்கிறவர்களுக்கு அது கண்ணில் படாமல் இருக்குமா? 2013 அக்டோபரில் அதன் அடுத்த மாடலான டி610 வந்தது. 2014இல், வாரண்டி முடிந்திருந்தாலும் டி600ஐ இலவசமாகச் சரிசெய்து தருவதாக நிக்கான் அறிவித்தது. ஒரே ஒரு கேமராவைப் பெட்டியோடு பெற்றுப் புதுக்கருக்கு மாறுமுன் படம் எடுத்துக் காட்டுகிறவர், எவ்வளவு நல்லவராக இருந்தாலும், இதைக் கண்டிருக்க வழியில்லை.

சொந்தக் காசில் வாங்கியவர் பேச்சு மட்டும் நடுநிலையா என்றால், அதையும் முழுதாக நம்பமாட்டேன். இரண்டு லட்சம் போட்டவருக்கு அது நல்லதாகத்தான் இருந்தாக வேண்டும். "ஸ்பான்சர் இல்லை" என்று சொல்லிவிட்டு, கீழே வாங்கும் லிங்க்கைப் போட்டு கமிஷன் எடுப்பவர்களும் உண்டு. நம் நாட்டில் இலவசப் பொருள், பயணச் செலவு, தள்ளுபடி எது வாங்கியிருந்தாலும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று விளம்பரத் தரக் கவுன்சில் 2021 ஜூனில் விதி கொண்டுவந்தது. 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் துறையும் வழிகாட்டுதல் வெளியிட்டது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் வரை அபராதம், மறுபடியும் செய்தால் 50 லட்சம் வரை. வேண்டிய சட்டம். ஆனால் முட்டத்தில் அவர் எல்லாம் சொன்ன பிறகும் என் மூன்று கேள்வி அப்படியே நின்றது.

ஆக, போட்டோ வாக்குக்குப் போகலாமா? கட்டாயம் போங்கள். கற்றுக்கொள்ளப் போங்கள், வாங்க முடிவெடுக்கப் போகாதீர்கள். வாடகைக்கு எடுங்கள், நீங்கள் எடுக்கும் இடத்தில், நீங்கள் எடுக்கும் வெளிச்சத்தில் ஓட்டிப் பாருங்கள். நான் அந்தப் பாடியை வாங்கவில்லை. சைலண்ட் ஷட்டருக்காகத்தான் மாற நினைத்தேன். அது எனக்குக் கோயிலுக்குள் உதவாது என்று தெரிந்த பிறகு, பழைய பாடிக்கு 85 எம்எம் லென்ஸ் ஒன்று போதும்.

கம்பெனிக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். முட்டமும் திற்பரப்பும் எந்தக் கேமராவிலும் அழகாகத்தான் விழும். அடுத்த போட்டோ வாக்கை ஒரு கல்யாண மண்டபத்தில் வையுங்கள், மத்தியானம், எல்இடி விளக்கும் சீரியல் லைட்டும் போட்டு. எங்கள் மெமரி கார்டை நாங்கள் போட்டுக்கொள்கிறோம், கேமரா மெருகேற்றாத அசல் ரா ஃபைலை வீட்டுக்குக் கொண்டுபோக விடுங்கள். அந்த அம்பாசடரையே அழைத்து வாருங்கள். அவரோடு சேர்ந்து அங்கே எடுத்துப் பார்க்க எனக்கு ரொம்ப ஆசை.